டெம்பரிங்: சாக்லேட்டை யாரும் தாளிக்கிறதில்ல

"டார்க் சாக்லேட்டை உருக்கி நன்கு தாளிக்கவும், பின்பு பழத்துண்டுகளை நனைத்து எடுக்கவும்." வீட்டுலயே சர்க்கரை கம்மியா சாக்லேட் பழம் செய்யுறது எப்படின்னு தமிழ்ல வர்ற குறிப்புகள்ல இந்த மாதிரி வரி திரும்பத் திரும்ப கண்ணுல படுது. வீடியோவுக்குக் கீழ ஓடுற எழுத்துலயும் இதேதான். இனியும் பொறுத்துட்டுப் போக முடியல, அதனால இந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்து எழுதிடுறேன். ஆங்கிலத்துல டெம்பரிங்னு இருக்கிறதைத்தான் இப்படித் தாளிப்புன்னு மொழிபெயர்க்குறாங்க, அது உருக்கின சாக்லேட் பளபளன்னு உறையறதுக்காக சூட்டை ஏத்தி இறக்குற வேலை.

டெம்பர்ங்கிற சொல்லுக்கு வேர் லத்தீன்ல இருக்கு, டெம்பெராரே, அதாவது சரியான அளவுல கலக்குறது, மிதமாக்குறது. டெம்பரேச்சரும் டெம்பரமென்ட்டும் இதே குடும்பம்தான். ஆங்கிலத்துல இரும்புக்கும் இதே சொல்தான், சாக்லேட்டுக்கும் இதே சொல்தான், நம்ம ஊர் ஆங்கில சமையல் புத்தகங்கள்ல கடுகு கறிவேப்பிலை தாளிக்கிறதுக்கும் இதையே போட்டுப் பழகிட்டாங்க, இலங்கையிலயும் அப்படித்தான். சிக்கல் ஆரம்பிக்கிறதே இங்கதான். தமிழ்ல இருந்த தாளிப்பை ஆங்கிலத்துல டெம்பரிங்னு எழுதினாங்க, இப்ப எங்கயோ பெல்ஜியத்துலயோ பிரான்ஸ்லயோ சாக்லேட் செய்யுறவங்க சொல்ற டெம்பரிங்கைத் தமிழுக்குக் கொண்டு வரும்போது அகராதியை ஒரு புரட்டு புரட்டிட்டு தாளிப்புன்னு போட்டுடுறாங்க.

சாக்லேட்ல நடக்கிறது என்னன்னு பார்த்தாலே இது எவ்வளவு தப்புன்னு தெரியும். கொக்கோ பட்டர், அதாவது கொக்கோ விதையில இருக்கிற கொழுப்பு, ஒரு விநோதமான கொழுப்பு, அது ஆறு விதமான படிக வடிவத்துல உறையும், அதுல அஞ்சாவது வடிவம்தான் நமக்கு வேணும். அது சுமார் 34 டிகிரியில உருகும், அதனால கையில பிசுபிசுக்காது, வாயில போட்டா கரையும், உடைச்சா டக்குனு சத்தம் வரும், மேல பளபளன்னு இருக்கும். உருக்கின சாக்லேட்டை அப்படியே ஆற விட்டா மத்த வடிவங்களும் கலந்து உறைஞ்சு மங்கலா, கொழகொழன்னு நிக்கும். அதனால டார்க் சாக்லேட்டை 45லருந்து 50 டிகிரி வரைக்கும் உருக்கி, 27, 28க்கு இறக்கி, மறுபடி 31, 32க்கு ஏத்துறாங்க. இந்த ஏத்தி இறக்கி ஏத்துறதுக்குத்தான் டெம்பரிங்னு பேரு.

இதுல தாளிப்பு எங்க இருக்கு? தாளிப்புன்னா எண்ணெய் காயணும், கடுகு வெடிக்கணும், வாசனை எண்ணெயில இறங்கணும், அதை இன்னொண்ணு மேல கொட்டணும். குறுந்தொகையிலேயே "குய்ப்புகை" வருது, அந்தக் குய்தான் தாளிப்பு, அந்தப் புகையும் வாசனையும்தான் அதோட உயிரே. யாழ்ப்பாணத்துப் பக்கம் தாளிதம்னு சொல்லுவாங்க, அங்கயும் பொருள் அதேதான். அவ்வளவு பழசான, அவ்வளவு தெளிவான ஒரு வேலைக்கு உள்ள சொல்லை எடுத்து அதுக்கு நேர் எதிரான வேலை மேல ஒட்டுறாங்க. தாளிப்புக்கு சூடு எகிறணும், இங்க ரெண்டு டிகிரி கூடினாலே பட்ட பாடு வீண். எண்ணெய் கடுகு வெடிக்கிற பதத்துக்கு வரும்போது 150 டிகிரியைத் தாண்டிடும், டார்க் சாக்லேட் 55ஐத் தாண்டினாலே கெட ஆரம்பிச்சுடும். சமையல் தெரிஞ்ச ஒருத்தங்க தமிழ்ல "தாளிக்கவும்"னு படிச்சா என்ன செய்வாங்க? வாணலியை வச்சு எண்ணெய் ஊத்துவாங்க. அவங்க மேல தப்பே இல்ல, எழுதினதைத்தான் செஞ்சிருக்காங்க. ஆரோக்கியமா இருக்கட்டும்னு ஆரம்பிச்ச பண்டத்துல தேவையே இல்லாத எண்ணெய் சேர்ந்ததுதான் மிச்சம். எனக்குக் கோபம் வர்றது இதனாலதான்.

அடுத்து "பதப்படுத்துதல்". இது படிச்சவங்க போடுற சொல், பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனா இன்னைக்கு இந்தச் சொல் கேட்டா மனசுல வர்றது தோல் பதப்படுத்துறது, மீன் பதப்படுத்துறது, டப்பாவுல அடைச்ச உணவு. "பதப்படுத்தப்பட்ட உணவைத் தவிர்க்கவும்"னு டாக்டருங்க சொல்றதை தினமும் கேட்குறோம், அதே ஆளுகிட்ட ஆரோக்கியக் குறிப்புல "பதப்படுத்திய சாக்லேட்டில் பழத்தைத் தோய்க்கவும்"னு சொன்னா அவர் எதை நம்புவாரு? சொல்லோட வேர் சரி, ஆனா அது வேற வேலைக்குப் போயிடுச்சு, திரும்பக் கூப்பிட முடியாது. "வெப்பநிலைப்படுத்தல்"னும் ஒண்ணு பார்த்தேன். அதுல வெப்பநிலை இருக்கு, எதுக்காக அந்த வெப்பநிலைன்னு இல்ல. இப்படி ஆங்கிலத்துல ஒரு துண்டைப் பிடிச்சு நீட்டி முழக்கி எழுதிட்டா கலைச்சொல் ஆயிடாது, வாயில வரணும், அடுப்படியில நின்னு சொல்ல முடியணும்.

நான் சொல்றது பதமேற்றல், பேச்சுல பதம் ஏத்துறது. சூடேத்துறோம், உருவேத்துறோம், மெருகேத்துறோம், அதே அச்சுதான், புதுசா எதையும் உருவாக்க வேண்டாம். பதம்ங்கிறது அடுப்படியில இன்னைக்கும் உயிரோட இருக்கிற சொல். அதிரசத்துக்குப் பாகு வைக்கிறவங்க தண்ணியில ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்த்து "பதம் வந்துடுச்சு"ங்கிறாங்க, கம்பிப் பதம்னு பிரிக்கிறாங்க. தெர்மாமீட்டர் இல்லாம வெப்பத்தையும் கெட்டித்தன்மையையும் ஒண்ணா அளக்குற அறிவு அது. பாகுல சூடு ஒரே திசையில ஏறுது, சாக்லேட்ல ஏறி இறங்கி ஏறுதேன்னு ஒருத்தர் கேட்கலாம். பதம் வழியைச் சொல்ற சொல் இல்ல, போய்ச் சேர்ற நிலையைச் சொல்ற சொல், அதனால அந்த ஆட்சேபணை நிக்காது. பட்டறையில இரும்பைக் காய்ச்சி தண்ணியில விடுறதுக்குத் துவைச்சல்னு அருமையான சொல் இருக்கு, ஆனா சாக்லேட்டைத் துவைக்கணும்னு எழுதினா துணி ஞாபகம்தான் வரும், அதனால அதை எடுக்கல. பதமேற்றல் பிடிக்கலன்னா டெம்பரிங்னே தமிழ் எழுத்துல போடுங்க, எனக்கு சம்மதம், தெளிவு முக்கியம். சாக்லேட்டையே நாம அப்படித்தான எழுதுறோம்.

வீட்டுல பதம் ஏத்துறது இப்படி. 150 கிராம், கொக்கோ 70 சதவீதம்னு போட்ட பார் எடுத்துக்கோங்க. 70னு போட்டிருந்தா மீதி 30தான், அதுல பெரும்பகுதி சர்க்கரை, மில்க் சாக்லேட்ல பாதிக்கு மேலயே சர்க்கரை இருக்கும். கலோரி ஒண்ணும் குறைச்சல் இல்ல, 100 கிராமுக்கு 600 பக்கம் வரும், அதனாலதான் பூச்சு மெல்லிசா இருக்கணும், பதம் ஏத்தின சாக்லேட்தான் மெல்லிசாப் பிடிச்சு கெட்டியா நிக்கும். 100 கிராமை கொதிச்சு அடங்கின தண்ணி மேல கிண்ணம் வச்சு உருக்குங்க. இறக்கி, மீதி 50 கிராமைப் பொடியா நறுக்கிப் போட்டுக் கிளறிக்கிட்டே இருங்க. அந்த நறுக்கின துண்டுல ஏற்கனவே அஞ்சாவது வடிவம் இருக்கு, தயிருக்கு உறை ஊத்துற மாதிரி அது மத்ததையும் தன் வழிக்குக் கொண்டு வரும். அதனால இந்த முறையில 27, 28க்கு இறக்கி மறுபடி ஏத்த வேண்டாம், நேரா 31, 32க்கு இறங்கினதும் நிறுத்தி ஒரு கத்தி நுனியில தொட்டு வைங்க, அஞ்சு நிமிஷத்துக்குள்ள பளபளன்னு காஞ்சா பதம் வந்தாச்சு. இதை நாம பதம் பார்க்குறதுன்னு சொல்றோம் பாருங்க, சொல் தானா வந்து உட்காருது.

தண்ணி மட்டும் ஆகவே ஆகாது, ஒரு சொட்டு ஆவி விழுந்தாலும் சாக்லேட் திரண்டு கட்டியாயிடும், அதனால ஸ்ட்ராபெர்ரியைக் கழுவினா துணியில ஒத்தி நல்லா காய வைங்க, ஆரஞ்சுச் சுளையைத் தோல் கிழியாம எடுங்க. காஞ்ச அத்திப்பழம், பேரீச்சை ரொம்ப சுலபம். சென்னையில ஏப்ரல், மே மத்தியானத்துல அடுப்படியே 34 டிகிரியைத் தாண்டும், அங்க எப்படிப் பதம் ஏத்தினாலும் நிக்காது, விடியக்காலையில செய்யுங்க, இல்லன்னா ஏசி ரூம்ல செய்யுங்க. கடையில காம்பவுண்ட்னு விக்கிற கட்டிக்கு இந்த வேலையே வேண்டாம், ஏன்னா அதுல கொக்கோ பட்டருக்குப் பதிலா வேற தாவரக் கொழுப்பு, ஆரோக்கியம்னு பேசிட்டு அதை வாங்குறதுல அர்த்தம் இல்ல.

மொழிபெயர்ப்பாளருங்க மேல இன்னும் வருத்தம் இருக்கு. டார்க் சாக்லேட்டை "இருண்ட சாக்லேட்"ங்கிறாங்க, நிறத்துக்குக் கருப்புன்னு குழந்தைக்குக் கூடத் தெரியும். தோய்க்கிறதை "நனைத்தல்"ங்கிறாங்க, பஜ்ஜிக்கு வாழைக்காயை மாவுல தோய்ச்சுத்தான எடுக்குறோம், நனைக்கவா செய்யுறோம்? பதம் தப்பின சாக்லேட் மேல சாம்பல் நிறத்துல படர்றதுக்கு ஆங்கிலத்துல ப்ளூம், அதை "மலர்தல்"னு ஒருத்தர் எழுதியிருந்தாரு. நம்மகிட்ட நீறு பூத்த நெருப்புன்னு இருக்கே, நீறு பூக்கிறதுன்னு சொன்னா நிறமும் தெரியும், மேலாக படிஞ்சதுன்னும் தெரியும். பூஞ்சணம்னு நினைச்சு நிறைய பேர் அந்தச் சாக்லேட்டைக் குப்பையில போடுறாங்க. அது கொழுப்பு மேல வந்து உறைஞ்சதுதான், சாப்பிடலாம், வெறும் பாரா இருந்தா மறுபடி 45க்கு உருக்கிப் பதம் ஏத்தினா பழைய பளபளப்பு வந்துடும்.