மாடியில் நாலு குடித்தனம் வைத்தால் வீட்டு வரி கிடையாதா?

மறுபடியும் அதே வீடியோ. "டவுனுக்குள் நெருக்கமாக வீடு கட்டினால் 12 வருஷம் வரி கட்ட வேண்டாம்" என்று ஒருவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவார். கடலூரில் கட்டட வரைபடம் போட்டுக் கொடுத்துப் பிழைக்கிறேன். இந்த வருஷம் என்னிடம் வந்தவர்களில் அதைக் காட்டாதவர்கள் குறைவு. போன வாரம் வந்த பெரியவர் வீடியோவோடு வரி நோட்டீஸையும் கொண்டுவந்தார்.

பாடலீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டுக் கீழே தனக்கு ஒரு வீடு, மேலே வாடகைக்கு நாலு போர்ஷன். வரி ரசீதில் மட்டும் இன்னமும் ஓட்டு வீடு. "நெருக்கமா கட்டினா விலக்குன்னு சொன்னாங்களே சார்?" சொன்னது யார் ஐயா? வாசல் சுவரில் ஐந்து மின் மீட்டர் வரிசையாக ஓடுகிறது. வீட்டு வரி வசூலிக்க வரும் பில் கலெக்டருக்கு எண்ணத் தெரியாதா?

வீடியோ முழுப் பொய்யாக இருந்தால்கூட எனக்கு வேலை சுலபம். அதில் சொல்வது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1995-இல் வந்த சட்டம். சியாட்டில் மாதிரி நகரங்களின் மையத்தில் அடுக்குமாடி வீடுகள் பெருகட்டும் என்று கொண்டுவந்தார்கள். அங்கேயும் வரி மொத்தமாகப் போய்விடாது. புதிதாகக் கட்டிய குடியிருப்பின் மதிப்புக்கு மட்டும்தான் விலக்கு. நிலத்துக்கு வரி உண்டு, கீழ்த்தளத்தில் கடை இருந்தால் அதற்கும் உண்டு. குறைந்தது நாலு வீடாவது இருக்க வேண்டும். நகர நிர்வாகம் குறித்துக் கொடுத்த பகுதிக்குள் இருக்க வேண்டும், விண்ணப்பித்து ஒப்புதலும் வாங்க வேண்டும். சாதாரணமாக 8 வருஷம். 12 வருஷம் வேண்டுமென்றால் ஐந்தில் ஒரு பங்கு வீடுகளையாவது குறைந்த, நடுத்தர வருமானக்காரர்களுக்குக் கட்டுப்படியாகிற விலையிலோ வாடகையிலோ விட வேண்டும். கெடு முடிந்த மறுவருஷம் முழு வரி. இவ்வளவையும் விட்டுவிட்டு "12 வருஷம் ஃப்ரீ" என்பதை மட்டும் வெட்டி ஒட்டினால் எப்படி?

நம் ஊர் விதிகளில் இப்படி ஒரு விலக்கே கிடையாது. பொது வழிபாட்டு இடம் மாதிரி சிலவற்றுக்கு உண்டு. உங்கள் நாலு போர்ஷன் அதில் சேராது. சின்ன வீட்டுக்குக் காட்டிய கருணை என்றால் 2022 வீட்டு வரி உயர்வைச் சொல்லலாம். சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்குள் இருந்த வீட்டுக்கு 25 சதவீதம், 1800-க்கு மேல் போனால் 100 சதவீதம். அதுவும் உயர்வுதான், விலக்கு இல்லை.

சொல்லப்போனால் இங்கே நடப்பது நேர் எதிர். 2019 கட்டட விதிகளின்படி சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்எஸ்ஐ 2, அதாவது எல்லாத் தளமும் சேர்த்து மனைப் பரப்பைப் போல இரண்டு மடங்கு வரை கட்டலாம். அதற்கு மேல் கட்ட ஆசைப்பட்டால் பிரீமியம் எஃப்எஸ்ஐ என்று நாம்தான் பணம் கட்ட வேண்டும். அதற்கும் தெரு குறைந்தது 9 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். திருப்பாதிரிப்புலியூர் பழைய தெருக்களில் டேப்பைப் பிடித்துப் பாருங்கள், பல இடத்தில் தேறாது. வரிச் சலுகை வந்தால் எனக்கும் சந்தோஷம்தான், தொழில் நடக்கும். ஆனால் தெரு அகலத்துக்கும் கார் நிறுத்தும் இடத்துக்கும் வழி சொல்லாமல் வரியை மட்டும் குறைத்து, டவுனுக்குள் எத்தனை வீடு கூடிவிடும்?

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மாடி எழுப்பினால் நீங்களே போய் வரி விதிப்பைத் திருத்தச் சொல்லுங்கள். அவர்களாகக் கண்டுபிடித்தால் போன அரையாண்டுகளுக்கும் சேர்த்துக் கேட்பார்கள். வாடகைக்கு விட்டதை மறைக்காதீர்கள். "வரி விலக்கு உண்டு" என்று ஆசை காட்டி பிளாட் விற்கிற பில்டரிடம் அரசாணை எண்ணைக் கேளுங்கள். விளம்பர நோட்டீஸில் அச்சடித்திருப்பது ஆணை ஆகாது. பிளாட் வாங்கினவர்கள் தங்கள் பேரில் தனி வரி எண் வாங்காமல் பில்டர் பேரிலேயே வருஷக்கணக்கில் விட்டுவைக்காதீர்கள், விற்கப் போகும்போது அலைய வேண்டியிருக்கும்.

தள்ளுபடி வேண்டுமா, ஒன்று இருக்கிறது. அரையாண்டு தொடங்கும் ஏப்ரலிலும் அக்டோபரிலும் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் குறைப்பார்கள், அதிகபட்சம் 5,000 ரூபாய். பெரியவர் அதைக் கேட்டதும், "அவ்வளவுதானா?" என்றார். அவ்வளவுதான் ஐயா. ஆனால் அது நிஜம். முதலில் நிலுவையைக் கட்டுங்கள்.