முதலில் புகையைப் பாருங்கள்: விடியலில் கிளம்பாத படகு இன்ஜின்

வாடைக்காற்று வீசும் தை மாத விடியலில் தொண்டியிலும் பாம்பனிலும் படகு இன்ஜின்கள் கிளம்ப அடம்பிடிக்கும். பழி பனியின் மேல் விழும். ஆனால் ராமநாதபுரம் கடலோரத்தில் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். குளிர் என்றால் லடாக் குளிர்; அங்கே டீசலே உறைந்துவிடும் என்பதால் 2019-ல் மைனஸ் 33 டிகிரியிலும் ஓடக்கூடிய டீசலைக் கொண்டுவந்தார்கள். நம் கரையில் அடம்பிடிக்கும் இன்ஜினுக்குள் வேறு கோளாறு இருக்கிறது.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை ஏறக்குறைய பதினேழில் ஒரு பங்காக நெருக்க, அது 500 டிகிரியைத் தாண்டிச் சூடாகிறது. அந்தச் சூட்டில்தான் நாசில் தூவும் டீசல் பற்றுகிறது. உள்ளே போகும் காற்று 10 டிகிரி குளிர்ந்தால், நெருக்கிய பிறகு 25 டிகிரிக்கு மேல் குறையும். நல்ல இன்ஜினுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்திருந்தால் காற்று கசியும். மெதுவாகச் சுற்றினால் கசியவும் நேரம் கிடைக்கும், சூட்டைச் சிலிண்டர் சுவர் உறிஞ்சவும் நேரம் கிடைக்கும். அப்போது அந்த 25 டிகிரிதான் காலை வாரிவிடும்.

ஆகவே ஸ்பேனரை எடுக்கும் முன், சுற்றும்போது புகைக்குழாயைப் பாருங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, பற்றவில்லை: கம்ப்ரஷனையும் (காற்று நெருக்கப்படும் அளவு) சுற்றும் வேகத்தையும் கவனியுங்கள். புகையே இல்லையென்றால் டீசல் போய்ச் சேரவில்லை; பெரும்பாலும் டீசல் பைப்பில் ஏர் பிடித்திருக்கும்.

ஏர் எடுக்க, டேங்க் குழாயைத் திறந்து ஃபில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்துங்கள். கைப்பம்பை அடித்தால் முதலில் நுரை வரும்; குமிழி இல்லாத டீசல் வழிந்ததும் இறுக்குங்கள். அடுத்து, டீசலை நாசிலுக்குத் தள்ளும் பம்பின் திருகையும் இதேபோல் செய்யுங்கள். கடைசியில் நாசிலுக்குப் போகும் பைப் நட்டை ஒரு சுற்று தளர்த்தி, டீசல் பீய்ச்சும்வரை சுற்றி, இறுக்குங்கள். அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலையே துளைக்கும். கையை அருகில் வைக்காதீர்கள்.

கைப்பிடி இன்ஜினில், காற்று நெருக்கத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஷன் லிவரைத் தூக்கி வைத்துச் சுற்றுங்கள். நாசிலில் 'கிர்' என்ற சத்தம் கேட்டு, ஃப்ளைவீல் நல்ல வேகம் பிடித்த பிறகே லிவரை விடுங்கள். கட்டைவிரலும் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் இருக்கட்டும். இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைத்தால், கைப்பிடியைச் சுற்றிப் பிடித்த கட்டைவிரல் முறிந்துவிடும்.

செல்ஃப் (பேட்டரியில் ஓடும் ஸ்டார்ட்டர்) உள்ள படகில் பேட்டரி முழு சார்ஜில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். சுற்றும்போது 9.6-க்குக் கீழே போனால் பேட்டரி சோர்ந்துவிட்டது. அதற்கு முன் டெர்மினலைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் அங்கேதான் மின்சாரம் வீணாகிறது. உப்புக்காற்றில் பூக்கும் பச்சை, வெள்ளைப் பொடியைச் சோடா உப்பு கலந்த வெந்நீரால் கழுவி, துடைத்து, இறுக்கி, கிரீஸ் தடவுங்கள். செல்ஃபை 10 விநாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காதீர்கள். இரண்டு நிமிடம் ஆறவிடுங்கள்.

பெட்ரோல் நனைத்த துணியைக் காற்றுவழியில் கொளுத்திக் காட்டுவது வேண்டவே வேண்டாம். படகில் தீப்பிடித்தால் ஓட இடம் இல்லை. ரிங் உலர்ந்து கம்ப்ரஷன் விட்டுப்போயிருந்தால், காற்றுவழியில் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் போதும்; அது இடைவெளியை அடைக்கும். அதிகமானால் ஆயில் பிஸ்டன் மேல் தேங்கி கனெக்டிங் ராடையே வளைத்துவிடும்.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு நிற்கும்போது டேங்கை நிரப்பி வையுங்கள். காலி இடத்தில் ஈரக்காற்று குளிர்ந்து நீராகி அடியில் தங்கும். ஜூனில் முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஃபில்டர் அடித்திருகைத் திறந்து, அந்தத் தண்ணீரை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பாருங்கள்: டீசல் மேலே, தண்ணீர் கீழே தெளிவாகப் பிரிந்து நிற்கும். டீசல் மட்டும் வரும்வரை விடுங்கள்.