வீட்டுக் காற்றில் மிதக்கும் புரதம்

பூனையோ நாயோ வளரும் வீட்டில் ஒருவருக்குத் தும்மலும் கண் அரிப்பும் தொடங்கினால், பழி முதலில் ரோமத்தின் மீதுதான் விழுகிறது. ஆனால் ஒவ்வாமையைத் தூண்டுபவை, விலங்கின் உமிழ்நீரிலும் தோலிலும் உருவாகும் சில புரதங்களே. பூனை ஒவ்வாமை உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோரின் உடல் எதிர்வினை காட்டுவது ‘ஃபெல் டி 1’ என்ற புரதத்துக்கு. பூனை தன் உடலை நக்கும்போது இப்புரதம் ரோமத்தில் படிந்து, உலர்ந்தபின் நுண்துகள்களாக உதிர்கிறது. அத்துகள்களில் ஒரு பகுதி 5 மைக்ரானைவிட, அதாவது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஐந்து பங்கைவிடச் சிறியது. எனவே அவை மணிக்கணக்கில் காற்றில் மிதப்பதோடு, மூச்சுக்குழாயின் ஆழம்வரையும் செல்லக்கூடியவை.

ஒவ்வாமை உள்ளவரின் நோயெதிர்ப்பு மண்டலம் தீங்கற்ற இப்புரதத்தைப் பகையாகக் கருதி, ‘ஐஜிஇ’ என்னும் எதிர்ப்புரதத்தை உருவாக்கி வைத்திருக்கிறது. மூக்கின் சவ்விலும் கண்ணிலும் உள்ள மாஸ்ட் செல்கள் என்னும் நோயெதிர்ப்புச் செல்களின் மேற்பரப்பில் அது ஒட்டியிருக்கும். புரதம் மீண்டும் வந்து அதைத் தொட்டதும் அச்செல்கள் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருளை வெளியிட, சில நிமிடங்களிலேயே மூக்கு ஒழுகுகிறது, கண் சிவக்கிறது. ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுக்குழாயும் சுருங்குகிறது.

“பூனையை ஒரு வாரம் வேறிடத்தில் விட்டுப் பாருங்கள்” என்று பலர் சொல்வதுண்டு. இச்சோதனை எதையும் நிரூபிக்காது. விலங்கு வீட்டை விட்டுப் போனபின்னும் மெத்தையிலும் கம்பளத்திலும் சுவரிலும் படிந்த புரதம் பெருமளவு குறையப் பல மாதங்கள் ஆகலாம். அதனால் ஒரு வாரத்தில் மாற்றம் தெரியவில்லை என்று பூனையைக் குற்றமற்றதாகக் கொள்வதும் தவறு. பரிசோதனையே செய்யாமல் அதன் மீது பழிபோட்டு அனுப்பிவிடுவதும் தவறு. தூசிப்பூச்சிக்கும் பூஞ்சைக்கும் ஒவ்வாமை இருந்தாலும் இதே அறிகுறிகள் தோன்றும். தோல் குத்துப் பரிசோதனையோ இரத்தப் பரிசோதனையோ செய்து காரணத்தை உறுதிசெய்துகொள்வதே முதல் வேலை.

காரணம் விலங்குதான் என்று உறுதியானால், நாம் செய்யக்கூடியது மூச்சோடு உள்ளே போகும் புரதத்தின் அளவைக் குறைப்பது. இதில் படுக்கையறைக்கே முதலிடம் தருவேன். நாளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நேரத்தை நாம் கழிப்பது அங்கேதான். தலையணையில் படிந்த துகள் மூக்குக்கு மிக அருகில் இருக்கிறது. அந்த அறைக்குள் விலங்கை எந்நேரமும் விடாமல் கதவை மூடிவைத்து, நுண்துகள்களைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி கொண்ட காற்றுச் சுத்திகரிப்பானை இயக்கி, விரிப்புகளை வாரந்தோறும் வெந்நீரில் துவைப்பது நல்லது. உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கும்போது, படிந்து கிடந்த துகள் மீண்டும் காற்றில் எழுகிறது. ஈரத்துணியால் துடைத்தால் அது துணியோடு வந்துவிடும். விலங்கைச் சீவிவிடும் வேலையை வீட்டில் ஒவ்வாமை இல்லாத ஒருவர் ஏற்றுக்கொள்ளட்டும்.

நாயைக் குளிப்பாட்டினால் ரோமத்தில் உள்ள புரதம் குறையும். ஆனால் சில நாட்களிலேயே பழைய அளவுக்குத் திரும்பிவிடும். பயன் நீடிக்க வேண்டுமானால் வாரம் இருமுறை குளிப்பாட்ட வேண்டியிருக்கும். அதை நாயின் தோல் தாங்குமா என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒவ்வாமை தராத இனம் என்று விற்கப்படும் நாய்களை நம்பிப் பணம் செலவழிப்பவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அத்தகைய இனங்கள் வளரும் வீடுகளிலும் மற்ற வீடுகளிலும் தூசியை எடுத்து அளந்த ஆய்வில், நாய்ப் புரதத்தின் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பாலினத்தால் வரும் வேறுபாடு மட்டும் உண்மையானது. ‘கேன் எஃப் 5’ என்ற புரதம் ஆண் நாயின் புராஸ்டேட் சுரப்பியில் உருவாவதால், அதற்கு மட்டுமே ஒவ்வாமை உள்ள ஒருவர் பெண் நாயுடன் சிக்கலின்றி வாழ வாய்ப்புண்டு. பூனைகளிலும் கருத்தடை செய்யப்படாத ஆண் பூனையே பொதுவாக அதிகப் புரதத்தைச் சுரக்கிறது.

அண்மை ஆண்டுகளில் வேறொரு வழியும் வந்துள்ளது. கோழி முட்டையிலிருந்து பெறும் எதிர்ப்புரதத்தைப் பூனையின் உணவில் சேர்த்தால், அது பூனையின் வாயிலேயே ஃபெல் டி 1-ஐப் பிடித்துச் செயலிழக்கச் செய்கிறது. 2019-இல் வெளியான ஆய்வொன்றில், மூன்றாம் வாரத்திலிருந்து ரோமத்தில் செயல்படு நிலையிலிருந்த புரதம் சராசரியாக 47 சதவீதம் குறைந்திருந்தது.

இவற்றுக்குப் பின்னும் தொல்லை நீடித்தால், ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரையும் மூக்கில் தெளிக்கும் ஸ்டீராய்டு மருந்தும் உதவும். சிறுகச் சிறுகப் புரதத்தைச் செலுத்தி உடலைப் பழக்கும் சிகிச்சைக்குப் பொதுவாக 3 முதல் 5 ஆண்டுகள் ஆகும். ஆனால் மருந்து எடுத்தும் ஆஸ்துமா கட்டுக்குள் வராதவர்கள், இரவில் மூச்சுத்திணறி விழிப்பவர்கள், விலங்கை வீட்டில் வைத்துக்கொள்வது பற்றி மருத்துவர் சொல்வதைத் தள்ளிப்போடக் கூடாது.