கனடா பி.ஆர்.: அட்டையின் தேதியை நம்பி உட்கார்ந்திருப்பவர்களுக்கு

2022 அக்டோபரில் கோவையிலிருந்து ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கனடாவின் பி.ஆர். (நிரந்தரமாக வசிக்கும் உரிமை) அட்டையை மேசைமேல் வைத்து, "2024 ஆகஸ்ட் வரை செல்லும் சார். மகள் பிளஸ் டூ முடித்ததும் குடும்பத்தோடு போய்விடலாம் அல்லவா?" என்றார்.

பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். 2019 ஜூன் 10 அன்று டொராண்டோவில் அவர், மனைவி, மகள் மூவரும் இறங்கியிருக்கிறார்கள். ஸ்கார்பரோவில் உறவினர் வீட்டில் 12 நாட்கள் தங்கி, அட்டை வருவதற்கு அந்த முகவரியைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள். பிறகு அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை, அதன்பின் கொரோனா, அதன்பின் மகளின் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. எல்லாமே நியாயமான காரணங்கள். சோம்பேறித்தனத்தால் பி.ஆரை இழந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அடுத்தடுத்து நியாயமான காரணம் வந்து இழந்தவர்களே அதிகம்.

அட்டைக்கு ஐந்து ஆண்டு ஆயுள் என்பதும், பி.ஆர். தகுதிக்கான ஐந்து ஆண்டுக் கணக்கு என்பதும் வேறு வேறு. கனடாவின் குடிவரவுச் சட்டம், 28-ஆம் பிரிவு, ஐந்து ஆண்டுகளில் 730 நாட்கள் அந்த நாட்டில் இருந்திருக்க வேண்டும் என்கிறது. தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. முதல் ஐந்து ஆண்டு, இறங்கிய நாளிலிருந்து ஓடும்; அதற்குப் பிறகு, அதிகாரி சோதிக்கும் நாளிலிருந்து ஐந்து ஆண்டு பின்னோக்கி எண்ணுவார்கள்.

காகிதத்தை எடுத்து அவர் கண்முன்னே கணக்குப் போட்டேன். கையில் 12 நாள். மீதி வேண்டியது 718. கெடு 2024 ஜூன். அப்படியானால் 2022 ஜூன் 23 வாக்கிலேயே விமானம் ஏறி, பிறகு திரும்பாமல் இருந்திருக்க வேண்டும். அவர் என் எதிரே உட்கார்ந்திருந்தது அக்டோபர் மாதம். காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து, செல்பேசியில் இரண்டு முறை கூட்டிக் கழித்துப் பார்த்தார். விடை மாறவில்லை.

இந்த இடத்தில் பலரும் கேட்பது: "கனடா நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்தால் நாள் சேராதா?" சேரும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். அந்த நாட்டு நிறுவனம் முழுநேரப் பணியாளரை வெளிநாட்டுப் பணிக்கு அனுப்பிவைத்தால்தான் சேரும். கனடா குடியுரிமை பெற்ற கணவனோ மனைவியோ வெளிநாட்டில் கூடவே வசித்தாலும் நாள் சேரும்.

நாள் குறைந்துவிட்டால் உடனே பி.ஆர். பறிபோய்விடாது, அதிகாரி முடிவெடுத்து, அந்த முடிவு உறுதியானால்தான் போகும். மனிதாபிமானக் காரணங்களையும், பாதிக்கப்படும் குழந்தையின் நலனையும் அவர் எடைபோட வேண்டும். ஆனால், "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை" என்று வாயால் சொன்னால் போதாது. மருத்துவமனைச் சீட்டு, தேதி, வேறு யாரும் பார்த்துக்கொள்ள முடியாத நிலை ஆகியவற்றைக் காட்ட வேண்டும்.

அவர் டிசம்பரில் தனியாகப் புறப்பட்டார், அம்மாவின் மருத்துவமனைக் காகிதங்களைக் கோப்பில் போட்டுக்கொண்டு. விமான நிலையத்தில் அரை மணி நேரம் விசாரித்து உள்ளே விட்டார்கள். நாள் நிரம்பும் வரை ஊர்ப்பக்கம் வரவேண்டாம், அட்டையைப் புதுப்பிக்கவும் விண்ணப்பிக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.

மனைவியும் மகளும் கோவையிலேயே இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் கணக்குத் தனி. அவர் அங்கே இருக்கும் நாள் இவர்களுக்குச் சேராது. பிளஸ் டூ முடிந்ததும் உடனே கிளம்பச் சொன்னேன். பொறியியல் கலந்தாய்வு வந்தது. அது முடிவதற்குள் அட்டை காலாவதியாகிவிட்டது. செல்லும் அட்டை இல்லாமல் விமான நிறுவனம் ஏற்றாது. கனடாவுக்குத் திரும்புவதற்கான பயண ஆவணத்துக்கு விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று. அந்த விண்ணப்பத்தில்தான் நாள் கணக்கைக் கேட்பார்கள்.

நிராகரித்துவிட்டார்கள். 60 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்துவிட்டோம். விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை.