மவுண்டன் என்றால் எந்த மவுண்டன்?

"மவுண்டன் பக்கத்துல நிக்கிறோம், வந்துடுங்கப்பா." ஃப்ளோரிடா டிஸ்னி வேர்ல்டின் மேஜிக் கிங்டம் பூங்காவுக்குள்ளிருந்து குடும்ப வாட்ஸப்பில் இப்படி ஒரு வரி வந்தால், அப்பா எந்தப் பக்கம் நடப்பார்? ஸ்பேஸ் மவுண்டன் என்ற ரைடு டுமாரோலேண்டு பகுதியில், கிழக்கு ஓரம். பிக் தண்டர் மவுண்டன் என்ற ரைடு ஃப்ரான்டியர்லேண்டு பகுதியில், மேற்கு ஓரம். இடையில் கோட்டை, அதைப் படம் எடுக்கும் கூட்டம், குழந்தை வண்டிகள். ஊர்வல நேரமாக இருந்தால் கயிறு கட்டி வழியை மறித்திருப்பார்கள். வேர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்ந்து, "இங்க யாரையும் காணோமே" என்று போன் போட்டு, வந்த வழியே திரும்ப வேண்டும்.

க்யூ நீளம், வெயில், தண்ணீர் பாட்டில் பற்றியெல்லாம் எல்லோரும் எச்சரிக்கிறார்கள். பெயர்களைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

பெயரைத் தப்பாகச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஹான்டட் மேன்ஷனைப் 'பேய் வீடு' என்றாலும், அதே டிஸ்னி வேர்ல்டின் எப்காட் பூங்கா முகப்பில் நிற்கும் கோளத்தை 'கோல்ஃப் பந்து' என்றாலும், 'இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்டு' என்பதை 'பொம்மைப் படகு' என்றாலும் அங்கே வேலை செய்பவர்களுக்குப் புரியும். அமெரிக்கர்களும் வாய்க்கு வந்தபடிதான் சுருக்குகிறார்கள். பாட்டிமார்களுக்கு எல்லாமே ராட்டினம். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. பெயர் மாறினால் பணமோ, ஒரு நாளோ, வயிறோ கெட்டுப்போகும் இடங்கள் சில உண்டு. அவற்றை மட்டும் பார்ப்போம்.

தும்பை விட்டு வாலைப் பிடிக்காதே என்பார்கள். ரைடு பெயர்களில் மட்டும் வாலைத்தான் பிடிக்க வேண்டும். 'கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி' என்று தலையை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு யூடியூபில் தேடினால் இரண்டு ரைடுகள் வரும். ஒன்று கலிஃபோர்னியாவில், 'மிஷன் பிரேக்அவுட்'. லிஃப்ட் மாதிரி மேலே ஏற்றித் தொப்பென்று கீழே விடும். இன்னொன்று ஃப்ளோரிடா எப்காட்டில், 'காஸ்மிக் ரீவைண்ட்'. பின்னோக்கிச் சீறிக் கிளம்பி, போகும்போதே பெட்டி திரும்பிக்கொண்டே இருக்கும் கோஸ்டர். உயரத்திலிருந்து விழப் பயப்படுகிறவருக்கு முதலாவது ஆகாது. தலைசுற்றல்காரருக்கு இரண்டாவது ஆகாது. தப்பான வீடியோவைப் பார்த்துவிட்டு "இது நமக்கு ஒத்துக்கும்" என்று முடிவு செய்து வருகிறவர்கள் வெளியே வரும்போது முகம் வெளுத்திருக்கும். ஏறத் தேவையான குறைந்தபட்ச உயரமும் வேறு: முதலாவதுக்கு 40 அங்குலம், இரண்டாவதுக்கு 42. ரைடு என்ன செய்யும் என்ற விவரம் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

'ஸ்டார் வார்ஸ் ரைடு' என்று கேட்பதும் இதே கதைதான். ஹாலிவுட் ஸ்டூடியோஸ் பூங்காவில் மட்டும் 'ரைஸ் ஆஃப் த ரெசிஸ்டன்ஸ்', 'ஸ்மக்லர்ஸ் ரன்', 'ஸ்டார் டூர்ஸ்' என்று மூன்று இருக்கின்றன.

எல்லாவற்றையும்விட அதிகம் குழப்புவது 'ஸ்பேஸ்' என்ற சொல். ஃப்ளோரிடாவில் இந்தச் சொல்லால் முக்கியமாகக் குழப்புவது மூன்று ரைடுகள். மூன்றும் மூன்று வகை உடம்புக்கு.

ஸ்பேஸ்ஷிப் எர்த் என்பது அந்த கோல்ஃப் பந்துக்குள்ளேயே ஓடுவது. பெயரில் விண்கலம் இருப்பதால் ராக்கெட் வேகம் என்று பயந்து பெரியவர்களை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் போகும் குடும்பங்கள் உண்டு. உண்மையில் அது கால் மணி நேரம் மெதுவாக நகரும் ரைடு. குகை ஓவியத்திலிருந்து கணினி வரை மனிதன் செய்தி பரிமாறிக்கொண்ட வரலாற்றைப் பொம்மைகளால் காட்டும். உயர வரம்பே இல்லை. ஒரே ஒரு விஷயம்: இறங்கும்போது வண்டி திரும்பிக்கொண்டு பின்னோக்கிச் சரியும். கழுத்து வலி, கிறுகிறுப்பு உள்ளவர்களிடம் இதை முன்பே சொல்லிவிட்டால் போதும்.

மிஷன் ஸ்பேஸும் அதே எப்காட்டில்தான். இது வேறு ஜாதி. நான்கு பேர் உட்காரும் சிறு அறைக்குள் பூட்டி, முழு இயந்திரத்தையும் சுழற்றி, ராக்கெட் கிளம்பும்போது நெஞ்சில் விழும் அழுத்தத்தை உண்டாக்குவார்கள். உள்ளேயே வாந்திப் பை வைத்திருப்பார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நல்லவேளையாக இதில் ஆரஞ்சு, பச்சை என்று இரண்டு வகை. ஆரஞ்சு சுழலும், 44 அங்குல உயரம் வேண்டும். பச்சை சுழலாது, 40 போதும். வாசலில் ஊழியர் "ஆரஞ்சா, க்ரீனா?" என்று கேட்பது கட்சிக் கொடியை அல்ல. இரத்த அழுத்தம், இதய நோய், கர்ப்பம் என்றால் ஆரஞ்சுப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

மூன்றாவதான ஸ்பேஸ் மவுண்டன் எப்காட்டிலேயே இல்லை, மேஜிக் கிங்டமில் இருக்கிறது. இருட்டுக்குள் ஓடும் கோஸ்டர். வேகம் மணிக்கு 45 கிலோமீட்டர் அளவில்தான். நம் டவுன் பஸ் போகிற வேகம். ஆனால் அடுத்த திருப்பம் கண்ணுக்குத் தெரியாததால் இரண்டு மடங்காகத் தோன்றும். 1975இல் திறந்த இது, அதே பெயரில் 1977 முதல் கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டிலும் ஓடுகிறது. பெயர் ஒன்று, வண்டி வேறு. ஃப்ளோரிடாவில் ஒருவர் பின் ஒருவராகத்தான் உட்கார முடியும். பயந்த பிள்ளையின் கையை அம்மா பிடித்துக்கொள்ள வழியில்லை. கலிஃபோர்னியாவில் இரண்டு இரண்டு பேராகப் பக்கத்தில் பக்கத்தில். ஃப்ளோரிடாவில் 44 அங்குலம், அதாவது 3 அடி 8 அங்குலம். கலிஃபோர்னியாவில் 40, அதாவது 3 அடி 4. அங்கே ஏறிய குழந்தை இங்கே ஏற முடியாமல் அழுவது இதனால்தான். 'போன வருஷமே போனானே' என்று வாசலில் வாதாடிப் பயனில்லை. அளவுகோல் அசைந்து கொடுக்காது.

உள்ளே நடக்கும் குழப்பத்துக்கு விலை சில மணி நேரம். டிக்கெட் வாங்கும்போது நடக்கும் குழப்பத்துக்கு விலை டாலரில்.

நமக்கு எல்லாமே டிஸ்னிலேண்டுதான். ஆனால் டிஸ்னிலேண்டு கலிஃபோர்னியாவின் அனஹைமில் 1955இல் திறந்தது. வால்ட் டிஸ்னி வேர்ல்டு ஃப்ளோரிடாவின் ஒர்லாண்டோ அருகே 1971இல் திறந்தது. இந்த டிக்கெட் அங்கே செல்லாது, அந்த ஆப் இங்கே உதவாது. கோட்டைகூட ஒன்றல்ல. ஃப்ளோரிடாவில் இருப்பது சிண்ட்ரெல்லா கோட்டை, 189 அடி. கலிஃபோர்னியாவில் ஸ்லீப்பிங் பியூட்டி கோட்டை, 77 அடி. ஃப்ளோரிடா படத்தைப் பார்த்துவிட்டுக் கலிஃபோர்னியா போய் நின்று "இவ்வளவுதானா?" என்று முகம் வாடுகிறவர்களைத் தேற்றுவது கஷ்டம். 'டவுன்டவுன் டிஸ்னி' என்ற கடைத்தெருப் பெயரும் இப்படித்தான். கலிஃபோர்னியாவில் அது இன்றும் அதே பெயரில் இருக்கிறது. ஃப்ளோரிடாவில் இருந்தது 2015இல் 'டிஸ்னி ஸ்பிரிங்ஸ்' ஆகிவிட்டது.

ஃப்ளோரிடாவுக்குள் வந்த பிறகும் கவனம் வேண்டும். மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம் என்று நான்கு தனித்தனிப் பூங்காக்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பெரும்பாலும் வண்டியில்தான் போக வேண்டும். டாக்ஸிக்காரரிடம் 'கிங்டம்' என்று மட்டும் சொன்னால் இரண்டில் எது என்று அவருக்கு எப்படித் தெரியும்? போதாக்குறைக்கு 'அனிமல் கிங்டம் லாட்ஜ்' என்று ஒரு ஹோட்டலும் இருக்கிறது. சாதாரண டிக்கெட் ஒரு நாளைக்கு ஒரு பூங்காவுக்குத்தான். தப்பான வாசலில் ஸ்கேன் செய்துவிட்டால் அன்றைய கணக்கு அந்தப் பூங்காவில் விழுந்துவிடும். வேறு பூங்காவுக்குப் போக 'பார்க் ஹாப்பர்' என்று மேலே பணம் கட்ட வேண்டும். குழந்தை கேட்ட 'மிக்கி ட்ரெயின்' எது என்பதையும் முன்பே விசாரியுங்கள். மேஜிக் கிங்டமைச் சுற்றி வரும் நிஜ நீராவி ரயில் ஒன்று. ஹாலிவுட் ஸ்டூடியோஸில் 2020இல் வந்த 'மிக்கி அண்ட் மின்னிஸ் ரன்அவே ரயில்வே' இன்னொன்று. மிக்கி இருப்பது இரண்டாவதில்.

ஹாரி பாட்டர் டிஸ்னியில் இல்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். அது இருப்பது யுனிவர்சல் பூங்காக்களில். ஒர்லாண்டோ யுனிவர்சலிலும் அது ஒரே இடத்தில் இல்லை: ஹாக்ஸ்மீட் 'ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சர்' பூங்காவில், டயகன் ஆலி 'யுனிவர்சல் ஸ்டூடியோஸ் ஃப்ளோரிடா' பூங்காவில், மந்திர அமைச்சகம் 2025 மே மாதம் திறந்த 'எபிக் யுனிவர்ஸ்' பூங்காவில். முதல் இரண்டுக்கும் நடுவே ஓடும் ஹாக்வர்ட்ஸ் எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏற, அந்த இரண்டு பூங்காவுக்கும் சேர்த்து எடுத்த டிக்கெட் வேண்டும். ஒரு பூங்கா டிக்கெட்டோடு போனால் ரயில் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். சிங்கப்பூர் செந்தோசாவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்குள்ள யுனிவர்சலில் ஹாரி பாட்டரே கிடையாது. பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இதில் நம் ஊரும் கொஞ்சம் கைகொடுத்திருக்கிறது. சென்னை ஈசிஆரில் இருப்பது எம்ஜிஎம் 'டிஸ்ஸி' வேர்ல்டு. பாதிப் பேர் வாயில் அது 'டிஸ்னி' வேர்ல்டு. விஜிபி 'யுனிவர்சல் கிங்டம்' பெயரிலோ யுனிவர்சலும் உண்டு, கிங்டமும் உண்டு. வேடிக்கை என்னவென்றால் ஃப்ளோரிடாவிலும் 1989 முதல் 'டிஸ்னி-எம்ஜிஎம் ஸ்டூடியோஸ்' என்று ஒரு பூங்கா இருந்தது. 2008இல் அதுதான் ஹாலிவுட் ஸ்டூடியோஸ் ஆனது. இன்னும் அதை எம்ஜிஎம் என்றே சொல்லும் அமெரிக்கர்கள் இருக்கிறார்கள். அப்படி யாராவது வழி சொன்னால் திகைக்க வேண்டாம்.

செத்த பெயர்களும் சுற்றிக்கொண்டேதான் இருக்கின்றன. ஸ்பிளாஷ் மவுண்டன் 2023இல் இரண்டு ஊரிலும் மூடப்பட்டு, 2024இல் 'டியானாஸ் பாயூ அட்வென்ச்சர்' ஆகத் திறந்தது. தண்ணீர்ச் சரிவு அதேதான், கதை மட்டும் வேறு. கலிஃபோர்னியாவின் 'டவர் ஆஃப் டெரர்' 2017இல் மேலே சொன்ன மிஷன் பிரேக்அவுட்டாக மாறியது. ஃப்ளோரிடாவில் அது பழைய பெயரிலேயே ஓடுகிறது. மச்சான் ஐந்து வருடத்துக்கு முன்பு போய்வந்து எழுதிக் கொடுத்த பட்டியலை அப்படியே எடுத்துப் போகாதீர்கள். கிளம்புவதற்கு முந்தின இரவு, அந்தந்தப் பூங்காவின் சொந்த ஆப்பில் ஒவ்வொரு பெயரையும் போட்டுத் தேடுங்கள். வராத பெயர் என்றால் ஒன்று மூடியிருக்கும், அல்லது வேறு பூங்காவில் இருக்கும்.

பாஸ் பெயர்களில் ஒரு பொறி இருக்கிறது. க்யூவில் காத்திருப்பதைக் குறைக்க டிஸ்னி விற்கும் 'லைட்னிங் லேன் சிங்கிள் பாஸ்' என்பது தனியாளுக்கான பாஸ் அல்ல. ஒரே ஒரு ரைடுக்கு, ஆளுக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து வாங்குவது. 'சிங்கிள் ரைடர்' என்பது முற்றிலும் வேறு: குடும்பத்தைப் பிரிந்து, காலியான ஒற்றை இருக்கையில் உட்காரச் சம்மதிப்பவர்களுக்கான க்யூ. அதற்குக் காசே இல்லை, சில ரைடுகளில் மட்டும் உண்டு. கைக்குழந்தையோடு வருகிறவர்கள் டிஸ்னியில் 'ரைடர் ஸ்விட்ச்' என்றும் யுனிவர்சலில் 'சைல்டு ஸ்வாப்' என்றும் கேளுங்கள். ஒருவர் குழந்தையோடு காத்திருக்க மற்றவர் போய்வந்து, பிறகு இவர் மறுபடி முழு க்யூவில் நிற்காமல் ஏறலாம். இதற்கும் காசு இல்லை.

பெயர் வாயில் வரவில்லையென்றால் தடுமாற வேண்டாம். எந்தப் பகுதி, என்ன வண்டி, என்ன செய்யும் என்ற மூன்றைச் சொன்னால் போதும். "ஏசியா பக்கம், வட்டமான ரப்பர் படகு, நனைக்குமே, அது" என்றால் கையைக் காட்டிவிடுவார்கள். அது அனிமல் கிங்டமில் உள்ள 'காளி ரிவர் ரேபிட்ஸ்'. பன்னிரண்டு பேர் ஏறும் படகு, உள்ளாடை வரை நனையும். நாம் அழுத்தமாகக் காளி என்போம், அவர்கள் காலி என்பார்கள். சிங்கப்பூர் யுனிவர்சலில் 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' கோஸ்டருக்குப் பிள்ளைகள் வைத்திருக்கும் சிவப்பு, நீலம் என்ற பெயர்கள் பலகையில் உள்ளதைவிடத் தெளிவு. சிவப்பில் உட்கார்ந்து போகலாம், நீலத்தில் கால் தொங்கும்.

ஊழியர்கள் மத்தியில் ஒரு பழைய பகடி உண்டு: "மூன்று மணி ஊர்வலம் எத்தனை மணிக்கு?" என்று கேட்பார்களாம். யோசித்தால் அது நியாயமான கேள்வி. மேஜிக் கிங்டமில் பகல் ஊர்வலம் ஃப்ரான்டியர்லேண்டில் கிளம்பி மெயின் ஸ்ட்ரீட் வந்து சேர நேரமாகும். நீங்கள் நிற்கும் இடத்துக்கு எப்போது வரும் என்று கேளுங்கள். சரியான பதில் கிடைக்கும்.

பொருள் தொலைந்தால்தான் பெயர் துல்லியமாக வேண்டும். கண்ணாடியையோ போனையோ 'மவுண்டனில்' விட்டேன் என்று எழுதிக் கொடுத்தால், அது கிடைத்த இடமும் நீங்கள் சொன்ன இடமும் ஒத்துவராமல் பட்டியலில் கிடக்கும். பூங்கா, ரைடின் முழுப்பெயர், இறங்கிய நேரம், எத்தனையாவது வரிசை இருக்கை என்று எழுதுங்கள். ஏறுவதற்கு முன் வாசல் பலகையை ஒரு போட்டோ எடுத்து வைத்தால் பெயரும் நேரமும் அதிலேயே இருக்கும். வாட்ஸப்பில் அப்பாவுக்கு அனுப்பவும் அதே போட்டோ போதும்.