டிப்ரஷன்: அழுத்தமா, சோர்வா?

'டிப்ரஷன்' என்றால் 'மன அழுத்தம்' என்று பத்திரிகையில் எழுதுகிறார்கள், ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதுகிறார்கள். இப்போது குன்னூரில் ஓர் ஓவியக் கண்காட்சியிலும் பார்த்தாயிற்று. செல்போன் காலத்தில் நம் முகம் எது, மனசு எப்படி இருக்கிறது என்பதையே வரைகிற இளம் ஓவியர். ஒரு படத்தில் போர்வை சுற்றி உட்கார்ந்திருக்கிறாள் ஒரு பெண். போன் வெளிச்சம் கீழிருந்து நீலமாக முகத்தில் விழுகிறது. தாடைக்குக் கீழே வண்ணத்தை நீர்க்கக் கரைத்து ஒழுகவிட்டிருக்கிறார். கழுத்தும் தோளும் கோடுகோடாக வழிந்து சட்டத்தின் ஓரத்தில் காய்ந்து நிற்கின்றன. ஆங்கிலத் தலைப்பு 'டிப்ரஷன்'. தமிழ் அட்டையில் 'மன அழுத்தம்'. அந்தப் படத்தில் யாரும் யாரையும் அழுத்தவில்லை.

சொல்லின் கதை சின்னது. லத்தீனில் 'டே' கீழே, 'ப்ரெமெரெ' அழுத்து. 'டிப்ரஷன்' என்ற பெயர் வழக்கத்துக்கு வருவதற்கு முன்பு ஐரோப்பிய வைத்தியர்கள் சொல்லிவந்தது 'மெலன்கோலியா'. கிரேக்கத்தில் கரும்பித்தம் என்று பொருள். ஜெர்மன் ஓவியர் டூரர் 1514-இல் அதே பெயரில் செதுக்கிய படத்தில் சிறகுள்ள உருவமொன்று கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கும். கருவிகள் காலடியில் சும்மா கிடக்கும்.

வேரிலேயே அழுத்து இருக்கிறதே என்பார்கள் 'அழுத்தம்' கட்சிக்காரர்கள். இருக்கட்டும். கீழே என்ற பாதியை எங்கே தொலைத்தார்கள்? இதே 'டிப்ரஷன்' வங்கக் கடலில் உருவானால் செய்தியில் என்ன சொல்கிறார்கள்? காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். அதாவது அழுத்தம் குறைந்த இடம். நீலகிரியில் அந்தச் சொல் தெரியாதவர் கிடையாது. அது வந்தால் மண் சரியும், மலை ரயிலை நிறுத்திவிடுவார்கள். கடலில் அழுத்தம் குறைந்தால் டிப்ரஷன், மனசில் மட்டும் அழுத்தம் கூடினால் டிப்ரஷனா?

இன்னொன்று. 'மன அழுத்தம்' என்ற சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. அது 'ஸ்ட்ரெஸ்'. பரீட்சை, கடன், மேலதிகாரி என்று வெளியிலிருந்து வரும் சுமை அது. சுமை இறங்கினால் பெரும்பாலும் தணியும். டிப்ரஷன் அப்படியல்ல. எதிலும் ஒட்டாமல், தூக்கமும் பசியும் கெட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாக நாள் முழுதும் நீடித்தால் டாக்டர் அதை நோய் என்கிறார். வெளியே ஒரு குறையும் இல்லாதவருக்கும் வரும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் என்ன ஆகும்? "மன அழுத்தமா? நாலு நாள் ஊட்டிக்குப் போய் வா" என்பார்கள். ஊட்டியிலேயே இருக்கிறவன் எங்கே போவான்?

சரியான சொல் மனச்சோர்வு. 'சோர்' என்பதற்குக் களைப்பு மட்டும் பொருளல்ல. நழுவுதல், வழிதல், தளர்ந்து சரிதல் எல்லாம் அதில் அடக்கம். குழல் சோரும், துகில் சோரும், கண்ணீர் சோரும். அந்த ஓவியத்தில் வண்ணம் செய்கிற வேலை அதுதான். 'அசாவு' என்றும் ஒரு பழைய சொல் உண்டு, தளர்ந்துபோதல் என்று பொருள். 'அருமை உடைத்தென்று அசாவாமை வேண்டும்' என்கிறது குறள். அழகான சொல்தான், ஆனால் மருந்துச்சீட்டில் எழுதினால் யாருக்கும் விளங்காது, விட்டுவிடலாம். 'மன உளைச்சல்' வேறு. அது வேதனை, குடைச்சல்.

அதே அட்டையில் 'டிஜிட்டல்' என்பதை 'எண்ணிம' என்று மாற்றியிருந்தார்கள். கோத்தகிரி பஸ்ஸில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், டிஜிட்டல் புரியும், எண்ணிமம் புரியாது. ஊரே ஏற்றுக்கொண்ட சொல்லைத் துரத்தித் துரத்தித் தூய்மைப்படுத்துகிற மொழிபெயர்ப்பாளருக்கு, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் நல்ல தமிழ்ச் சொல் கண்ணில் படவில்லை. அகராதியை எடுத்தவர் படத்தையும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருக்கலாம்.

மனச்சோர்வு என்றால் வெறும் அசதி போலத் தொனிக்கிறதே என்ற ஆட்சேபம் மட்டும் நியாயமானது. தேயிலை பறித்து வந்தவரும் சோர்வாக இருக்கிறது என்றுதான் சொல்வார். அதனால் மருத்துவம் பேசும் இடத்தில் 'மனச்சோர்வு நோய்' என்று எழுதலாம். ஓவியத்துக்கு 'மனச்சோர்வு' போதும்.