தடுப்பாட்டம் காதில் தொடங்குகிறது

அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்துத் தொடரைப் பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "அணி மாறி வந்த பெரிய வீரர்கள் ஏன் முதல் சில வாரம் கையை விரித்துக்கொண்டு சக வீரர்களை முறைத்தபடியே இருக்கிறார்கள்?" அந்தக் காட்சி பழக்கமானதுதான். மூலையில் தனியாக நின்ற எதிரணிக்காரர் நிதானமாகப் பந்தைப் போட்டுவிடுவார். இரண்டு தடுப்பாளர்கள் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். புதியவர் தலையை ஆட்டிக்கொண்டு நடப்பார்.

2021 ஜனவரியை எடுத்துக்கொள்வோம். நான்கு அணிகள் சேர்ந்து செய்த பரிமாற்றத்தில் நட்சத்திர வீரர் ஜேம்ஸ் ஹார்டன் ஹியூஸ்டன் அணியிலிருந்து ப்ரூக்லின் நெட்ஸ் அணிக்கு வந்தார். அங்கே ஏற்கெனவே இருந்த நட்சத்திரங்கள் டுரான்ட், இர்விங் இருவரும் ஹார்டனும் சேர்ந்து இறங்கிய முதல் ஆட்டம் ஜனவரி 20 அன்று கிளீவ்லாந்தில் நடந்தது. இரண்டு கூடுதல் நேரம் ஆடியும் 147-135 என்று தோல்வி. கிளீவ்லாந்தின் கோலின் செக்ஸ்டன் ஒருவரே 42 புள்ளி எடுத்தார். 135 அடித்தும் தோற்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

"மனசு வைத்து ஆடவில்லை" என்பார்கள். "ஆள் வந்த ராசி" என்பவர்களும் உண்டு. இரண்டாவதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. முதலாவதும் கிட்டத்தட்ட அதே அளவு சோம்பேறித்தனமான விளக்கம்தான் என்பது என் கருத்து. கணக்கைப் பாருங்கள்.

கூடைக்கு அருகே உதவிக்கு வந்த தடுப்பாளர் மூலையில் இருப்பவரிடம் திரும்ப ஏறக்குறைய 5 மீட்டர் ஓட வேண்டும். நின்ற இடத்திலிருந்து கிளம்பினால் நல்ல வீரருக்கே ஒரு நொடிக்கு மேல் ஆகும். பந்தோ நொடிக்குச் சுமார் 10 மீட்டர் வேகத்தில் போகிறது. 7 மீட்டர் பாஸ் 0.7 நொடியில் கைக்கு வந்துவிடும். வாங்கி எறிய இன்னொரு அரை நொடி. தடுப்பாளர் பாஸைக் கண்ணால் பார்த்து, மூளை உணர்ந்து, பிறகு கிளம்பினால் மூச்சு வாங்க வந்து சேர்வதற்குள் பந்து காற்றில் இருக்கும். எவ்வளவு மனசு வைத்தாலும் கதை இதுதான். பந்து கிளம்பும் முன்பே அவர் கிளம்ப வேண்டும். அதற்கு யாராவது சொல்ல வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: நம் காது கண்ணைவிட வேகமானது. ஒளிதானே வேகம் என்று தோன்றும். அரங்குக்குள் அந்த வித்தியாசம் பொருட்டே இல்லை. 7 மீட்டரைக் கடக்க ஒலிக்கு 0.02 நொடி போதும். தாமதம் உடலுக்குள் நடக்கிறது. விழித்திரையில் ஒளி பட்டதும் ஒரு நிறமி வடிவம் மாறும். அது ஒரு புரதத்தைத் தூண்டும். அந்தப் புரதம் ஒரு நொதியைத் தூண்டும். நொதி ஒரு வேதிப்பொருளைச் சிதைக்கும். அது குறைந்த பிறகுதான் செல்லின் அயனி வாயில்கள் மூடி, சேதி கிளம்பும். காதில் இந்த இழுபறியே கிடையாது. உட்காதின் மயிர்ச் செல்களில் ஒரு மயிரின் நுனியையும் பக்கத்து மயிரையும் மெல்லிய புரத இழை இணைத்திருக்கிறது. ஒலியதிர்வில் மயிர் சாய்ந்தால் இழை இறுகும். இறுகிய இழையே வாயிலை இழுத்துத் திறந்துவிடும். நடுவில் வேதியியல் இல்லை, வெறும் இழுவிசை. நொடியின் லட்சத்தில் ஒரு பங்கு அளவில் முடிந்துவிடுகிற வேலை.

அதனால்தான் ஒலிக்கு மனிதர் சுமார் 0.15 நொடியில் அசைகிறார். ஒளிக்குச் சுமார் 0.19 ஆகிறது. நொடிக்கு 5 மீட்டர் ஓடுபவருக்கு அந்த 0.04 நொடி 20 சென்டிமீட்டர். எறிபவரின் கண்முன் கை வந்ததா இல்லையா என்பதே அவ்வளவுதான்.

சரி, சொல்லை உச்சரிக்கவே கால் நொடி ஆகுமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயம். ஆனால் சொல்பவர் நடந்ததைச் சொல்வதில்லை, நடக்கப்போவதைச் சொல்கிறார். பந்துக்காரரை மறிப்பவருக்கு முதுகுப் பக்கம் தெரியாது. எதிரணியின் உயரமான ஆள் வந்து சுவராக நிற்கப்போவதை, பின்னால் கூடையருகே நிற்கும் நெட்டை வீரர்தான் முதலில் பார்க்கிறார். ரன் ஓடும்போது பந்தைப் பார்க்க முடியாத பேட்ஸ்மேன் எதிர்முனையின் குரலை நம்பி ஓடுகிற மாதிரி, முன்னால் இருப்பவர் அந்தக் குரலை நம்பித்தான் நகர வேண்டும்.

ப்ரூக்லின் அந்தப் பரிமாற்றத்தில் கொடுத்தவர்களில் ஒருவர் ஜாரெட் ஆலன், அதாவது சரியாக அந்தப் பின்வரிசை நெட்டை ஆள். ஜனவரி 20 அன்று அவர் கிளீவ்லாந்து சட்டையில் எதிரே ஆடிக்கொண்டிருந்தார்!

அப்புறம் புதியவரின் தொல்லை. பந்துக்காரரை ஓரக்கோட்டுப் பக்கம் ஒதுக்கும் உத்தியைச் சில அணிகள் 'ஐஸ்' என்று கத்தும், சில 'ப்ளூ', சில 'டவுன்'. பத்துச் சொல்லை மனப்பாடம் செய்ய ஒரு ராத்திரி போதும். ஆனால் பல வருடம் பழகிய சொல்லுக்குக் கால் தானாக நகரும். அதை அடக்கிவிட்டுத்தான் புதியதைச் செய்ய முடியும். 'சிவப்பு' என்ற சொல்லை நீல மையில் எழுதி, மையின் நிறத்தைச் சொல் என்றால் நாக்கு தடுமாறும். 1935இல் உளவியலாளர் ஸ்ட்ரூப் காட்டிய அதே தடுமாற்றம்தான் இங்கே காலுக்கு வருகிறது. அது தீரப் பயிற்சி வேண்டும். அந்தக் கொரோனா பருவத்திலோ 72 ஆட்டங்களை நெருக்கி அடுக்கியிருந்தார்கள். பயிற்சிக்கு நாள் ஏது?

2013-14 முதல் எல்லா என்பிஏ அரங்கிலும் வீரர்களின் ஒவ்வோர் அடியையும் கேமராக்கள் பதிவு செய்கின்றன. கால்களை அளக்க இவ்வளவு செலவழிப்பவர்கள், யார் எந்தக் கணத்தில் வாயைத் திறந்தார் என்று அளக்கவும் கொஞ்சம் காசு ஒதுக்கலாம். என் கையில் ஆராய்ச்சி நிதி இருந்தால் முதல் காசோலை ஒலிவாங்கிக்குத்தான்.

பேச்சையே குறைத்துக்கொள்ளும் வழியும் உண்டு. தேர்வுகள் கூடக் கூட மூளை முடிவெடுக்கும் நேரமும் கூடுகிறது என்று 1952இல் உளவியலாளர் ஹிக் அளந்து காட்டினார். எனில் தேர்வையே ஒன்றாக்கிவிடலாம்: யார் சுவராக வந்தாலும் இரு தடுப்பாளர்களும் ஆளை மாற்றிக்கொள்வது. இதன் பெயர் ஸ்விட்ச். ப்ரூக்லினும் அந்தப் பருவத்தில் இதைப் பெரிதாக நம்பியது. புதியவர் முதல் நாளே செய்துவிடலாம், குழப்பம் குறைவு. ஆனால் எதிரணிக்கும் இது தெரியும். இரண்டு முறை சுவர் வைத்து மாற்ற வைத்தால், ஆறடி வீரர் ஏழடிக்காரரோடு கூடைக்கடியில் தனியாக மாட்டிக்கொள்வார். அப்போது எவ்வளவு கத்தியும் உயரம் வராது.